விலக்கலும் விளைவும்: கல்லூரி ஓவியப் பயிற்சியும் செஞ்சிப் பாறைகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய அமைப்பொன்றின் ஆண்டு விழாவில் ஓவியக் கல்வியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். பரிபாடலைப் பயின்றவர்களுக்கு அந்த ஐயம் எழாது. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பாடும் புலவர், சுவரில் தீட்டிய உருவங்களை மட்டும் கூறி நிறுத்தவில்லை. அவற்றைப் பார்க்க வந்தவர்கள் இது யார், அது யார் என வினவுவதையும், அறிந்தவர்கள் சுட்டிக்காட்டி விடை சொல்வதையும் சேர்த்தே பாடினார். ஓவியத்தின் முன்னே நின்று ஒருவர் கேட்க மற்றொருவர் விளக்கும் காட்சி, ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பதிவாகிவிட்டது. ஆகவே, ஓவியம் பற்றிய பேச்சு தமிழ் இலக்கியத்திற்கு விருந்தாளி அன்று, வீட்டுப்பிள்ளையே ஆகும்.

அப்படியிருக்க, இன்றைய கல்லூரி ஓவியக் கூடங்களில் அந்தக் கேள்வியும் விடையும் எந்த நிலையில் உள்ளன? மாணவர் வரைகிறார், ஆசிரியர் பார்க்கிறார், மதிப்பெண் விழுகிறது. இடையே நிகழ வேண்டிய உரையாடல் பல இடங்களில் நிகழ்வதில்லை. கல்லூரிப் பயிற்சிக்கூடத்தைச் செம்மை செய்வது எப்படி என்று ஓவிய ஆசிரியர் ஒருவர் எண்ணிப் பார்த்தால், அவர் சிந்தனை எந்தெந்த வழிகளில் செல்லக்கூடும் என்பதே இவ்வுரையின் பொருள். அந்தச் சிந்தனைக்கு வேண்டிய சான்றுகளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள பாறைகளே போதும்.

கூடம் பிறந்த கதை

சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர் ஓர் ஓவியர் அல்லர், மருத்துவர். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் 1850ஆம் ஆண்டில் தம் சொந்த முயற்சியால் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. தொழிற்கலைப் பள்ளியாக வளர்ந்த அந்நிறுவனமே இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கும்பகோணத்துக் கல்லூரிக்கும் நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

தொடக்க நோக்கம் கலைஞரை உருவாக்குவதன்று. நல்ல வடிவமைப்பு அறிந்த தொழிலாளரையும் வரைவாளரையும் உருவாக்குவதே நோக்கம். இங்கிலாந்தின் தொழிற்கலைப் பள்ளிகளில் இருந்த முறையே இங்கும் வந்தது. அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைதல், பின்னர் பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து நிழல் தீட்டுதல், பின்னரே உயிருள்ள உருவத்திற்கு வருதல் என்பது அதன் படிமுறை. கிரேக்கச் சிலையின் மூக்கும் ரோமானியத் தலையின் சுருள்முடியும் மைலாப்பூர்ப் பையனுக்கு முதற்பாடங்களாயின. கபாலீசுவரர் கோயிற் கோபுரம் கூப்பிடு தொலைவில் நின்றது. வகுப்பறைக்குள் அது நுழையவில்லை. 1884ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஈ.பி. ஹாவெல் இந்த முரணை உணர்ந்தவர். இந்தியக் கைவினை மரபுக்குக் கல்வியில் இடம் வேண்டும் என்று வாதாடியவர்.

இந்த வரலாற்றைச் சொல்வது பழியுரைப்பதற்காக அன்று. ஒரு பாடத்திட்டம் எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ அந்தத் தேவை மறைந்த பின்னும் அதன் வடிவம் மறையாது நிற்கும் என்பதைக் காட்டுவதற்காகவே. தொழிற்சாலை வரைவாளருக்கென வகுத்த படிகள், சுதந்திரக் கலைஞர் ஆக விரும்பும் மாணவருக்கும் தொடர்ந்தன. ஏன் இந்தப் படி என்று கேட்பாரில்லாமல் ஒரு படியில் ஏறுவது, பயிற்சிக்கூடத்தின் முதல் நோயாகும்.

மூன்று ஆசிரியர்கள்

இருபதாம் நூற்றாண்டில் சென்னைக் கல்லூரிக்கு வாய்த்த ஆசிரியர் வரிசை பெருமைக்குரியது. அவர்களுள் மூவரை மட்டும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அங்கிருந்தார். ஓவியர், சிற்பி, மல்யுத்த வீரர், புல்லாங்குழல் வாசிப்பவர், வங்க மொழிக் கதையாசிரியர் எனப் பன்முகம் கொண்டவர். சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடைய ஆக்கமே. உயிருள்ள உருவத்தை நேரில் நோக்குவதற்கும், திறந்தவெளியில் நிலக்காட்சி வரைவதற்கும் அவர் காலத்தில் வலிமை கிடைத்தது. ஆசிரியர் தம் பெரிய பணியை மாணவர் கண்ணெதிரே செய்தார் என்பதே அவர் தந்த முதன்மையான பாடம். சொல்லிக் கொடுப்பவர் செய்தும் காட்டினார்.

இரண்டாமவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் பணியாற்றியபின், இருபத்தைந்தாம் வயதில் மாணவராகக் கல்லூரிக்குள் நுழைந்தவர். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில், எழுத்து வடிவங்களும் சாதகக் கட்டங்களை நினைவூட்டும் அமைப்புகளும் ஓவியப் பொருளாயின. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை மாணவரோடும் நண்பரோடும் சேர்ந்து நிறுவினார். பாதிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருவாய் அந்தக் கிராமத்திற்கு அடித்தளம். படித்து முடித்த மாணவர் எதை உண்டு வாழ்வார் என்று கவலைப்பட்ட முதல்வர் அவர். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் கவலையே அவருடைய தலைசிறந்த பாடம் எனலாம்.

மூன்றாமவர் எஸ். தனபால். 1919இல் பிறந்தவர், ஓவியராகத் தொடங்கிச் சிற்பியாக மலர்ந்தவர், நடனமும் பயின்றவர். ஔவையார் சிற்பமும் பெரியாரின் மார்பளவுச் சிலையும் அவர் பெயரை நிலைநிறுத்தின. எழுபதுகளில் கல்லூரி முதல்வராகவும் இருந்தார். துறையூருக்கு அருகிலுள்ள கீராம்பூரிலிருந்து, வரையும் ஆசை ஒன்றை மட்டுமே முதலாகக் கொண்டு சென்னைக்கு வந்த கே.எம். ஆதிமூலத்திற்கு வழிகாட்டியவர் அவரே. அந்த இளைஞர் பின்னாளில் காந்தியடிகளைக் கருமைக் கோடுகளால் ஒரு வரிசையாக வரைந்தார், சிற்றிதழ்களுக்கு அட்டையும் எழுத்துருவும் அமைத்தார், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குச் சித்திரம் தந்தார். தமிழ் இலக்கிய வாசகர் பலருக்கு நவீன ஓவியத்தின் முதல் அறிமுகம் ஆதிமூலத்தின் கோடுகளே. ஓர் ஆசிரியர் ஒரு கிராமத்து இளைஞரைக் கண்டுகொண்டதன் பயன் ஓவியத்தோடு நிற்காமல் இலக்கியத்திற்கும் வந்து சேர்ந்தது.

இம்மூவரின் முறைகள் வெவ்வேறு. ஆயினும் ஒன்று பொது: மூவரும் பாடத்திட்டத்தை நம்பி இருக்கவில்லை. பாடத்திட்டம் சொல்லாததைச் செய்தனர். இங்கேதான் ஒரு கடினமான வினா பிறக்கிறது. பேராசிரியர்கள் அமைந்த காலத்தில் கூடம் தழைக்கும். அமையாத காலத்தில் அது என்னவாகும்? மாமனிதரை எதிர்பார்த்துக் கல்வியை நடத்த முடியாது. சராசரி ஆசிரியர் ஒருவர், சராசரி வசதியுள்ள கல்லூரியொன்றில், நாள்தோறும் செய்யத்தக்க செயல்களாக அவர்களின் அறிவை மாற்றியாக வேண்டும்.

மண்டகப்பட்டு தரும் பாடம்

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு குடைவரையை அமைத்தான். விசித்திரசித்தன் என்னும் தன் பட்டப் பெயரோடு ஒரு வடமொழிக் கல்வெட்டையும் பொறித்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எவையுமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயில் எழுந்தது என்பது அதன் கருத்து. சித்திரகாரப்புலி என்ற பட்டமும் தாங்கிய மன்னன் அவன்.

வரலாற்று மாணவர் இதனைத் தென்னாட்டுக் கற்றளி வரலாற்றின் தொடக்கப் பக்கமாகப் படிப்பர். ஓவிய ஆசிரியர் இதனை வேறு வகையில் படிக்கலாம். தமிழ்நாட்டில் பொறித்து வைத்த முதல் பயிற்சிக்கூடப் பாடம் இதுவேயாகும். அதுவரை பழகிய பொருள்கள் நான்கையும் ஒருவன் தானே விலக்கிக்கொள்கிறான். விலக்கியபின் எஞ்சியது பாறை ஒன்றே. அந்த நெருக்கடியிலிருந்துதான் புதிய வடிவம் பிறக்கிறது. வாயிலின் இருபுறமும் நிற்கும் காவலர் உருவங்களும், கனத்த சதுரத் தூண்களும், தூண்களுக்கிடையே உறையும் இருளும் அவ்விலக்கலின் விளைவுகள்.

இதே உண்மையை மேலைநாட்டார் 1920களில் கண்டனர். 1919இல் ஜெர்மனியின் வெய்மர் நகரில் தோன்றிய பௌஹவுஸ் பள்ளியில், தொடக்க வகுப்பை நடத்திய யோசெஃப் ஆல்பர்ஸ் மாணவருக்கு வெறுந்தாளைக் கொடுத்து, பசையின்றி, வீணாக்காமல், மடித்தும் வெட்டியும் அந்தத் தாளின் இயல்பிலிருந்தே ஒரு வடிவத்தை உண்டாக்கச் செய்தார். பல்லவ மன்னனும் ஜெர்மானிய ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் உணர்ந்தது ஒன்றே: எல்லாம் கையில் இருக்கும்போது கை சோம்புகிறது.

இன்றைய முதலாண்டு மாணவரின் பையைத் திறந்தால் இருபத்துநான்கு வண்ணக் குழாய்கள் இருக்கும். கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கும். அவரிடம் இல்லாதது விலக்கல் ஒன்றே. ஆகவே, முதலாண்டின் முதற்பருவத்தை விலக்கலின் பருவமாக அமைப்பது நலம். முதல் மாதம் கரித்துண்டு மட்டும். இரண்டாம் மாதம் காவி ஒன்று மட்டும். மூன்றாம் மாதம் வெட்டிய தாள் மட்டும், கோடே கூடாது. இப்படி ஒவ்வொன்றாக விலக்கிப் பெற்ற அறிவோடு இரண்டாம் பருவத்தில் வண்ணங்களிடம் செல்லும் மாணவர், ஒவ்வொரு வண்ணத்தையும் காரணத்தோடு எடுப்பார்.

விலக்கல் என்பது அடக்குமுறை ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஆசிரியரே சொன்னால் ஆகும். எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் சொல்லி, எதைச் செய்வது என்பதை மாணவரிடமே விட்டுவிட வேண்டும். மகேந்திரவர்மனின் கல்வெட்டும் இல்லாதவற்றை அடுக்குகிறதே ஒழிய, அழகுக்கு இலக்கணம் வகுக்கவில்லை.

செஞ்சி என்னும் பாடத்திட்டம்

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு சூலையில், மராத்தியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டின் தொகுதியில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள கோட்டை இது ஒன்றே. பெருமை வந்தது, சுற்றுலாவும் வளரும். ஆனால், கலை மாணவருக்குச் செஞ்சி சுற்றுலா இடமாக மட்டும் இருந்துவிட்டால் அது பெரும் இழப்பு. ஏனெனில், விழுப்புரம் மாவட்டத்தின் இச்சிறு நிலப்பரப்பில் தென்னாட்டுக் கலை வரலாறு ஏறத்தாழ முழுமையாகவே விரிந்து கிடக்கிறது.

கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியால் தீட்டிய தொல்பழங்கால உருவங்கள் உள்ளன. ஒரே நிறம், சில கோடுகள். அவ்வளவில் மனிதன் நடக்கிறான். விலக்கலின் பருவத்தில் காவி ஒன்றை மட்டும் எடுத்த மாணவர் அங்கே போய் நின்றால், தம் மூதாதை தமக்கு முன்பே அப்பாடத்தைப் படித்து முடித்திருப்பதைக் காண்பார்.

செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், ஒரே பாறை முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசைகளாக அமர்ந்திருக்கின்றன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்ததைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அக்குன்றில் உண்டு. இருபத்துநான்கு உருவங்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வரையச் சொன்னால், நான்காவது உருவத்தில் மாணவருக்குச் சலிப்பு வரும். பத்தாவதில் கண் திறக்கும். தோளின் சரிவு, தலையின் சாய்வு, உளி நின்ற இடம் ஆகியவற்றில் சிறு வேறுபாடுகள் தெரியத் தொடங்கும். நோக்குதல் என்பது திறமை அன்று, பொறுமை என்பதை அக்குன்றைக் காட்டிலும் தெளிவாக எந்த விரிவுரையும் கற்பிக்காது.

தளவானூர்க் குடைவரையின் முகப்பில் மகர தோரணம் நுட்பமாக வளைகிறது. மண்டகப்பட்டின் எளிமையையும் தளவானூரின் அணியையும் அடுத்தடுத்த நாட்களில் வரையும் மாணவர், அணி எப்போது தேவை, எப்போது மிகை என்னும் வினாவைத் தாமே எழுப்புவார். சிங்கவரத்தில் பாறையிலேயே பள்ளிகொண்ட அரங்கநாதர், கிடந்த கோலத்தின் நீளத்தை ஒரு தாளில் எப்படி அடக்குவது என்ற சிக்கலைத் தருவார்.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதில் இணைக்கிறது. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் ஒரு பிளவும், அதைக் கடக்கும் பாலமும் உள்ளன. கீழே கல்யாண மகால் அடுக்கடுக்காக உயர்கிறது. களஞ்சியங்களின் வளைகூரை இருளும் குளிர்ச்சியும் கொண்டிருக்கிறது. வேங்கடரமணர் கோயில் வாயிலில் பாற்கடல் கடையும் காட்சியும் இராமாயணக் காட்சிகளும் புடைப்பாக உள்ளன. அக்கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெயர்க்கப்பட்டுப் புதுச்சேரிக் கடற்கரையை அடைந்தன. தூண் இருந்த இடத்தின் வெறுமையையும், தூண் போய்ச் சேர்ந்த இடத்தின் கடற்காற்றையும் இரண்டு தாள்களில் வரைந்து அருகருகே வைத்தால், வரலாற்று வகுப்பு ஒன்று சொல்லின்றி முடிந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒளிப்படமாக எடுத்துச் சென்று கூடத்தில் அமர்ந்து வரையலாமே என்பது இன்றைய வழக்கம். ஒளிப்படம் குறிப்புக்கு உதவும். நோக்குதலுக்கு மாற்று ஆகாது. காலையில் செம்மை படர்ந்த செஞ்சிப் பாறை நண்பகலில் வெளுத்து, மாலையில் நீலநிழல் பூண்டு நிற்கும். நேரில் வரைபவர் இம்மூன்றையும் கண்டு, எதைக் கொள்வது எதை விடுவது என்று ஒவ்வொரு கணமும் முடிவு செய்கிறார். ஒளிப்படத்தில் அந்த முடிவைக் கருவி முன்னரே செய்து முடித்துவிடுகிறது. பார்த்து எழுதுவதற்கும் பகர்த்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கிய அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பனைமலையின் எச்சரிக்கை

இவ்வட்டாரத்தின் கலைச் செல்வங்களுள் பனைமலை தனித்து எண்ணத்தக்கது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலின் சிறு சன்னிதி ஒன்றில், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நின்று சிவனின் ஆடலைக் காணும் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. ஆடும் இறைவன் பெரும்பாலும் அழிந்துபோனான். பார்ப்பவள் மட்டும் இருக்கிறாள். பல்லவ ஓவியத்தில் எஞ்சியவை மிகச் சில என்பதால் அந்த முகத்தின் மதிப்பு அளவிடற்கரியது.

அங்கே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் தாளையும் பென்சிலையும் வெளியிலேயே வைத்துவிடச் சொல்லலாம். ஒரு மணி நேரம் பார்க்க மட்டும் அனுமதி. பின்னர் கீழே இறங்கி மரநிழலில் அமர்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசில் லெகாக் த புவாபோத்ரான் என்னும் ஆசிரியர் நினைவிலிருந்து வரைவதையே ஒரு கல்வி முறையாக வகுத்தார். சிற்பி ரோடின் அவரிடம் பயின்றவர். நினைவில் நின்றதே உண்மையில் கண்டது. நில்லாதது கண்ணில் பட்டதேயன்றிக் கருத்தில் படவில்லை.

பனைமலை தரும் எச்சரிக்கை மற்றொன்று. அந்த ஓவியத்தைத் தாங்கி நிற்பது சுண்ணச் சுதை. சுண்ணாம்பை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது, மணலோடு சேர்த்து அரைப்பது, கடுக்காய் நீரும் வெல்லமும் கலப்பது முதலிய கட்டடச் செய்முறைகள் கொத்தர் குடும்பங்களின் கையறிவாக இருந்தன. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் எவை என்பதும் அவ்வறிவின் பகுதியே. காவி, மஞ்சள் மண், கரி போன்றவை தாங்கும். செடிகொடிகளின் சாயம் பெரும்பாலும் வெளுக்கும். சிமெண்டு வந்தபின் இந்தக் கையறிவு வேகமாக மறைந்து வருகிறது. கல்லூரியில் சுவரோவியம் என்றொரு பாடம் இருந்தும், சுண்ணாம்பைத் தொடாமலே பட்டம் பெறுவோர் உண்டு.

இரண்டடிக்கு இரண்டடி சதுரச் சுவர் ஒன்றை மாணவர் ஒவ்வொருவரும் தாமே பூசி, தாமே அரைத்த மண்ணிறத்தால் ஓர் உருவத்தைத் தீட்ட வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. முதிய கொத்தர் ஒருவரை ஆசிரியராக அழைத்து, உரிய மதிப்பூதியமும் நாற்காலியும் தந்தால் போதும். அவர் கையில் இருப்பதைப் பல்கலைக்கழகம் பட்டமாக ஏற்காமல் இருக்கலாம், பாடமாக ஏற்கலாம். பனைமலை உமையை நாளை காக்க வேண்டியவர்கள் இன்று சுண்ணாம்பு குழைக்கக் கற்றவர்களாக இருந்தால்தான் அந்த முகம் நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய இடங்களுக்குச் செல்லும் மாணவர் உரிய துறையின் அனுமதியோடு செல்ல வேண்டும். ஓவியத்தைத் தொடுதல், நீர் தெளித்துப் பார்த்தல், தாளை ஒட்டிப் படியெடுத்தல் ஆகியன கூடா. மரபை நேசிக்கக் கற்பதன் முதற்பாடம் கையைக் கட்டிக்கொள்வது.

திருத்தமும் உரையாடலும்

கூடத்தின் அன்றாடத்தில் மிகச் சிறிதாகத் தோன்றும் செயல், ஆசிரியர் செய்யும் திருத்தம். மாணவரின் தாளிலேயே ஆசிரியர் தம் கோட்டை அழுத்தி வரைந்துவிடுவது பரவலான வழக்கம். படம் சிறக்கும், மாணவர் சிறுப்பார். ஏனெனில், வீட்டிற்குப் போய்ப் பார்க்கும்போது அப்படத்தில் நல்ல கோடு எதுவோ அது தம்முடையதன்று என்பது அவருக்குத் தெரியும். தாளின் ஓரத்தில், அல்லது வேறொரு தாளில், சிறிய அளவில் வரைந்து காட்டுவது ஆசிரியரின் கடமையையும் மாணவரின் மானத்தையும் ஒருங்கே காக்கும்.

இதனினும் பெரிய இடர், ஆசிரியரின் பாணி மாணவரிடம் ஒட்டிக்கொள்வது. வலிமையான ஆசிரியரிடம் இவ்விடர் மிகுதி. எழுத்துகளையும் குறியீடுகளையும் நோக்கிப் பணிக்கர் சென்றது அவருடைய நெடுந்தேடலின் முடிவில். அதே குறியீடுகளை ஒரு மாணவர் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் அது தேடல் அன்று, உடுப்பு. கவிதையிலும் இதுவே நிகழ்கிறது என்பதை இவ்வட்டத்தார் நன்கறிவர். மருந்து ஒன்றே: ஆசிரியர் தம் விடைகளை மறைத்து, அந்த விடைகளுக்குத் தம்மைக் கொண்டுசென்ற வினாக்களை மாணவரிடம் தருவது.

வாரம் ஒருமுறை எல்லாப் படங்களையும் சுவரில் சார்த்திவைத்து உரையாடும் வழக்கம் ஒவ்வொரு கூடத்திலும் வேண்டும். அதற்குப் பரிபாடல் காட்டிய வழியே தக்கது. முதலில் கண்டதைச் சொல்வது. அடுத்து ஐயத்தைக் கேட்பது. கடைசியில்தான் நன்று, அன்று என்பது. வரைந்தவர் முதலில் வாய் திறக்கலாகாது. பிறர் தம் படத்தில் என்ன கண்டனர் என்பதை அவர் கேட்க வேண்டும். தாம் நினைத்ததற்கும் பிறர் கண்டதற்கும் இடையே உள்ள தொலைவை அளந்தறிவதே அவருக்கு அன்றைய பாடம்.

இவ்வுரையாடல் தமிழில் நடைபெற வேண்டும் என்பது மொழிப்பற்றினால் மட்டும் சொல்வதன்று. சிற்றூரிலிருந்து வரும் மாணவர் பலர் கையில் வல்லவர். ஆங்கிலச் சொற்களுக்கு அஞ்சி வாய் மூடிவிடுவார். வாய் மூடியவரின் எண்ணமும் மெல்ல மூடிக்கொள்ளும். அவருக்கு வேண்டிய சொற்கள் தமிழில் உள்ளன. கோட்டின் ஓட்டம், வண்ணத்தின் அடர்த்தி, உருவத்தின் கனம், வெளியின் அமைதி என்று எளிதாகவே பேசலாம். இல்லாத சொல்லை ஸ்தபதியிடமும் கொத்தரிடமும் தச்சரிடமும் கேட்டுப் பெறலாம். இலக்கிய வட்டங்கள் ஓவியக் கல்லூரிகளுக்குச் செய்யத்தக்க உதவி இதுவே: மாதம் ஒருமுறை எழுத்தாளர் ஒருவர் கூடத்திற்குச் சென்று படங்களின் முன் நின்று கண்டதைச் சொல்வது, ஓவிய மாணவர் ஒருவர் இலக்கிய வட்டத்திற்கு வந்து ஒரு கதைக்குத் தம் கோட்டால் விடை தருவது.

மதிப்பெண்ணும் வாழ்வும்

தேர்வு நாளில் முடித்துத் தரும் படத்திற்கு மட்டும் மதிப்பெண் இடும் முறை, முடிவை வளர்க்கும், முயற்சியை வளர்க்காது. வரைகுறிப்பேடு, தோற்ற படங்கள், விலக்கிய வடிவங்கள் ஆகியவற்றுக்கும் மதிப்பெண்ணில் கணிசமான பங்கு வேண்டும். தோற்ற படத்தைக் கிழித்தெறியாமல் தேதியிட்டுச் சேர்த்து வைக்கும் மாணவர், ஆண்டின் இறுதியில் தம் வளர்ச்சியைத் தாமே படித்தறிவார். அதுபோன்றே காலப் பகுப்பும். முக்கால் மணி நேரத்து வகுப்பில் கணக்குப் போடலாம். மண் குழைத்து உருவம் வனைய முடியாது. இடையீடின்றி மூன்று மணி நேரமாவது கூடம் மாணவருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு பெற்றோரும் கேட்கும் வினா இருக்கிறது: இதைப் படித்தால் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? இவ்வினாவை இழிவாகக் கருதும் ஆசிரியர் தம் மாணவரின் வீட்டை அறியாதவர். பணிக்கர் அவ்வினாவை மதித்தார். அதனால் சோழமண்டலம் எழுந்தது. இன்று அதற்கு விடைகள் மிகுந்துள்ளன. மரபுச் சின்னங்களை வரைந்து ஆவணப்படுத்தவும், பழஞ்சுவர்களைப் பேணவும், நூல்களுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் சித்திரம் தரவும், பள்ளிகளில் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். பாறைகள் கல்லுடைப்புக்கு இரையாகும் காலத்தில், எந்தப் பாறையில் எந்த உருவம் உள்ளது என்று அளந்து வரைந்து வைப்பதே ஒரு காவற்பணி. உடைந்த பின் வரைய முடியாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்வுரை முன்வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. ஆண்டுக்கு ஒருமுறை, மாணவரை ஒரு வாரம் இவ்வட்டாரத்துப் பாறைகளுக்கு அனுப்புக. ஒரு கொத்தரைக் கூடத்திற்கு அழைத்திடுக. வாரம் ஒரு நாள் படங்களின் முன்னே தமிழில் பேச விடுக. இம்மூன்றையும் செய்யப் புதிய சட்டமோ பெரும்பொருளோ தேவையில்லை. மனம் ஒன்றே தேவை.

பத்தாண்டு நிறைந்த இந்த இலக்கிய வட்டம், செஞ்சிக்கு வரும் மாணவர் குழுவுக்கு உள்ளூர் வழிகாட்டியாகவும், உரையாடலுக்கு உற்ற துணையாகவும் நின்றால், பதினோராம் ஆண்டின் பணி அதுவே ஆகும். கல்வெட்டைப் படித்துக் காட்ட இங்கே தமிழாசிரியர்கள் இருக்கின்றனர். பாறையை வரைந்து காட்ட அங்கே மாணவர்கள் இருக்கின்றனர். இருவரும் சந்திக்க ஒரு நாள் குறித்தால் போதும்.